கம்பெனிக்கு நாடு சொல்லப் போனவர்

போன் மணி அடித்தால் இன்றைக்கும் சட்டென்று எடுக்க மாட்டேன். செவ்வாய்க்கிழமை காலையில் உளுந்து களைந்துகொண்டிருந்தபோது அடித்தது. ஈரக் கையோடு எடுத்தேன். "டீச்சர்... அப்பா போயிட்டாவ" என்றாள் சண்முகவேல் அண்ணாச்சியின் மூத்த மகள். தூக்கத்திலேயே உயிர் பிரிந்திருக்கிறது. எதற்கெடுத்தாலும் பயந்த மனிதர், சாவைப் பார்த்துப் பயப்பட நேரமில்லாமல் போய்விட்டார். அதற்காக முதலில் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். பிறகுதான் அழுதேன்.

அண்ணாச்சியைத் தெரிந்தவர்களுக்கு அவருடைய பயமும் தெரியும். இடி இடித்தால் கடையின் உள்ளறைக்குப் போய்விடுவார். தீபாவளி என்றால் காதில் பஞ்சு. கயத்தாறில் பெரிய ரோட்டைக் கடக்க யார் கையையாவது பிடித்துக்கொள்வார். அப்படிப்பட்டவர் கடல் தாண்டிப் போய்ச் செய்த காரியத்தை உங்களில் பலர் அரைகுறையாகத்தான் கேட்டிருப்பீர்கள். முழுதாகச் சொல்ல வேண்டியவள் நான்.

அவருடையது பருத்திக் கம்பெனி. போர்டில் 'ரேவன்ஹில் அண்டு சன்ஸ்' என்று இருக்கும். ஊர் வாயில் அது ராவணன் கம்பெனி. வெள்ளைக்காரர் ஆட்சியில் ரேவன்ஹில் என்ற துரை அதை லண்டனில் பதிவு செய்து, கோவில்பட்டியில் பருத்தி வாங்கி விற்றார். ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் பருத்தியை அரைத்துக் கொட்டை பிரிக்கும் ஆலை ஒன்றையும் வைத்திருந்தார். துரை மூட்டை கட்டியபோது அத்தனை பங்கையும் அண்ணாச்சியின் அப்பா வாங்கினார். வாங்கியவர் பெயரை மாற்றவில்லை, லண்டன் பதிவையும் மாற்றவில்லை. லண்டன் கம்பெனி என்றால் சரக்குக்கு மரியாதை என்ற நினைப்பு. ஆயுதபூஜைக்கு வருஷந்தோறும் துரை பெயருக்குச் சந்தனம், குங்குமம் வைப்பார்கள். நான் வேதக்காரி, கிறிஸ்தவக் குடும்பம். "துரை ஞானஸ்நானம் வாங்குனவராச்சே அண்ணாச்சி, குங்குமம் ஒத்துக்கிடுமா?" என்று சீண்டுவேன். "நம்ம ஊரு வெயிலையே தாங்குனவரும்மா, குங்குமமா ஒத்துக்கிடாது?" என்பார்.

அந்த ஆப்பிரிக்க ஆலையில்தான் என் வீட்டுக்காரர் அந்தோணி ஃபிட்டராக வேலை பார்த்தார். தொண்ணூறுகளின் கடைசி அது. ஆலை மேனேஜர் தன் மகள் கல்யாணத்துக்கு லீவில் ஊருக்கு வந்தார். அவர் திரும்பும்வரை பொறுப்பு என்னுடையது என்று இவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்த நேரம் பார்த்தா அங்கே ஆட்சி கவிழ வேண்டும்! துப்பாக்கியோடு வந்து உட்கார்ந்தவர்கள், தங்களை ஆண்ட நாட்டின் கம்பெனிகளையெல்லாம் எடுத்துக்கொண்டார்கள். கம்பெனிப் பொறுப்பாளர்கள் விசாரணை முடியும்வரை நாட்டைவிட்டுப் போகக் கூடாது என்றார்கள். போர்டில் துரையின் பெயர். என் வீட்டுக்காரரை ஆலைக்குள்ளேயே வைத்துப் பூட்டினார்கள்.

பக்கத்து ஆலையில் இதேபோலப் பூட்டப்பட்ட ஒருவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்களாம்; திரும்பவில்லையாம். அந்தச் செய்தி வந்ததிலிருந்து தபால்காரர் சைக்கிள் தெருவில் திரும்பினால் கொல்லைப்பக்கம் ஓடிவிடுவேன். ஒரு செய்தியும் வர வேண்டாம், வராதவரை அவர் உயிரோடு இருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

அண்ணாச்சி டெல்லிக்கும் அந்த நாட்டுக்கும் மெயின் ரோட்டு எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசுவார். நான் கண்ணாடிக்கு வெளியே நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். லண்டன்காரர்களின் தூதரகம், "பதிவு எங்கள் ஊரில்தான். ஆனால் எங்கள் நாட்டார் ஒருவருக்கும் இதில் பங்கு இல்லையே, இதற்காக நாங்கள் எப்படி வந்து நிற்பது?" என்று கேட்டது. நம் தூதரக அதிகாரி நல்ல மனுஷர். அந்தோணியை நேரில் பார்த்துச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்தார். ஆனால் அந்தோணியைப் பிடித்து வைத்திருப்பது கம்பெனிக்காக. கம்பெனி இந்தியாவுடையது என்று நிலைநாட்டினால்தான் விடச் சொல்லிக் கேட்க முடியும். பங்கு உங்களிடம் இருந்தால் மட்டும் போதாது, கம்பெனியை நடத்துவது எந்த ஊர் என்று இங்கே ஆட்சிக்காரர்கள் கேட்கிறார்கள், முதலாளியே வந்து சொல்ல வேண்டும் என்றார் அவர்.

"நேர்ல போனா விட்டுருவாங்களா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"நம்புனாம்னா ரெண்டு பேரும் வருவோம். நம்பலைன்னா, முதலாளியே வந்து மாட்டிக்கிட்டாம்னு என்னையும் உள்ள தூக்கி வச்சிருவான்" என்றார்.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். மதினி, அதாவது அண்ணாச்சியின் மனைவி, உள்ளே அழுதுகொண்டிருந்தார்கள். "ஆலை போனா போவட்டும். நீங்க போவக் கூடாது. பாதி ரோட்டுல நின்னு நடுங்குத ஆளு, துப்பாக்கிக்காரன் முன்னால போயி என்னத்தப் பேசுவீய?" என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். எனக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை. என் புருஷனுக்காக அவர்கள் புருஷனைக் கேட்டு வாசலில் நிற்கிறவள், எந்த முகத்தோடு கோபப்படுவது? போங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போகாதீர்கள் என்று சொல்ல மனசு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் புறப்பட்டார். திருவனந்தபுரம்வரை கார், அங்கிருந்து விமானம். அது சுத்தமான ராகுகாலம். ராகுகாலத்தில் கடைச் சாவியைக்கூடத் தொடாதவர் அவர். காரில் ஏறினார், இறங்கினார், ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார். முகத்தைக் கழுவிக்கொண்டு மறுபடி ஏறினார். "கொஞ்சம் பொறுத்து, ராகுகாலம் கழிஞ்சு போங்களேன் அண்ணாச்சி" என்றேன்.

"பொறுத்தா போவ மாட்டேம்மா. என்னைய எனக்குத் தெரியாதா?" என்றார்.

அதற்குப் பிறகு காத்திருப்புத்தான். கரிசல் காடெல்லாம் வெடித்துக் கிடந்த கோடை. மதினியும் நானும் பூத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். மணி அடித்தால் இருவரும் எழுந்துவிடுவோம், ஆனால் இருவரும் எடுக்க மாட்டோம், பூத்துக்காரர்தான் எடுப்பார். ஒருநாள் அவர் ரிசீவரை என் பக்கம் நீட்டினார். "டீச்சரா? அந்தோணி இந்தா பக்கத்துலதான் நிக்கான். ரெண்டு பேரும் வாரோம்." அண்ணாச்சியின் குரல். நான் ரிசீவரை மதினியிடம் நீட்டினேன். மதினி ரிசீவரை வாங்கிக் காதில் வைத்தார்கள். அந்தப் பக்கம் அவர் மூச்சுவிடுவதைக் கேட்டுக்கொண்டே நின்றார்கள்.

விசாரணையில் நடந்ததை ஊருக்கு வந்த பிறகு சொன்னார். மேசைக்கு அந்தப் பக்கம் பட்டாளத்து அதிகாரி. இந்தப் பக்கம் அண்ணாச்சியும் நம் தூதரக அதிகாரியும். லண்டன் பெயர், லண்டன் பதிவு, பிறகு எப்படி இது இந்தியக் கம்பெனி என்று கேட்டிருக்கிறார் பட்டாளத்துக்காரர். அண்ணாச்சிக்குக் குரலே எழும்பவில்லை. தண்ணீர் எடுக்கப் போய் டம்ளரைத் தட்டிவிட்டார். பட்டாளத்துக்காரர் பொறுமை இழந்து, ஆலையின் காவலாளியைக் கூப்பிட்டு, "இந்த ஆலைக் கதவு யார் சொன்னால் திறக்கும்?" என்று கேட்டார். காவலாளி அந்த ஊர்க்காரர். "தினமும் கொஞ்ச நேரம் யார் சொன்னாலும் திறக்காது ஐயா. கோவில்பட்டியில் அது கெட்ட நேரமாம்" என்றாராம்.

விஷயம் இதுதான். ராகுகாலத்தில் பஞ்சுப் பொதி வெளியே போகக் கூடாது என்பது அண்ணாச்சியின் உத்தரவு. அந்த ஊரில் பொழுது நமக்குப் பின்னால்தான் விடியும். பார்ப்பதென்றால் அந்த ஊர் ராகுகாலத்தையல்லவா பார்க்க வேண்டும்? இவர் கோவில்பட்டி ராகுகாலத்தை அப்படியே கப்பலேற்றிவிட்டார்! அதற்காகவே ஆலையில் கோவில்பட்டி நேரம் காட்டும் கடிகாரம் ஒன்று மாட்டியிருந்தது. திங்கட்கிழமை ராகுகாலம் அங்கே விடிவதற்கு முன்பே ஆரம்பித்துவிடும். வெள்ளிக்கிழமையோ, லாரிகள் வரிசையாக நிற்க நிற்கக் கதவைச் சாத்துவார்கள். சாத்துகிறவர் கழுத்தில் ஜெபமாலை போட்ட என் வீட்டுக்காரர்.

"லண்டனிலிருந்து யாரும் இதைத் தடுக்கவில்லையா?" என்று பட்டாளத்துக்காரர் கேட்டதற்கு, "லண்டன்காரர் ஒருவரையும் நாங்கள் பார்த்ததே இல்லை ஐயா" என்றார் காவலாளி. பட்டாளத்து அதிகாரி சிரித்துவிட்டார். நம் அதிகாரி சிரிக்கவில்லை, சட்டென்று எழுந்தார். "இந்தக் கதவைத் திறக்கவும் சாத்தவும் சொல்கிறவர்கள் எங்கே இருக்கிறார்களோ அந்த நாட்டுக் கம்பெனி இது. இது எங்களுடையது, இந்த இருவரும் எங்கள் பாதுகாப்பில் இருக்கிறார்கள்" என்றார். அதன்பேரில்தான் விட்டார்கள். ஆலை திரும்பக் கிடைக்கவில்லை.

இந்தக் கதையைக் கேட்டு நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். அண்ணாச்சி மட்டும் சிரிக்க மாட்டார். "நீங்க சிரிக்கிய. அவன் சிரிச்சப்ப, சரி, நம்மளச் சுடப்போறாம்னுல்லா நான் நினைச்சேன்" என்பார். சொல்லும்போதே அவர் முகம் மாறிவிடும். வியாபாரிகள் கூட்டம் ஒன்றில் அவரைத் தைரியசாலி என்று புகழ்ந்தார்கள். கீழே இறங்கி வந்து என்னிடம், "அவிய சொல்லிக்கிட்டுக் கிடக்காவ. பயந்துக்கிட்டேதான் டீச்சர் போனேன், பயந்துக்கிட்டேதான் வந்தேன். இப்பவும் கனாவுல அந்த மேசை வருது" என்றார். அதைக் கேட்டுத்தான் அவர் மேல் எனக்கு மரியாதை இரண்டு மடங்கானது.

அண்ணாச்சியின் படம் ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை. அவர் கொடுத்தது என்று காட்ட ஒரு கிண்ணம்கூடக் கிடையாது. சுடுகாட்டிலிருந்து வந்ததிலிருந்து சரியாகச் சாப்பிடாமல் ஒருவர் அடுப்படியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். தலை நரைத்துவிட்டது, காது மந்தம், சாப்பாட்டில் உப்பு குறைந்தால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார். சண்முகவேல் அண்ணாச்சி எனக்கென்று விட்டுப்போனது இவரைத்தான்.