தயாவின் பத்து நாள் லூப்

தயாளன் போய்விட்டார். வியாழக்கிழமை வேலையால் வந்து, தேத்தண்ணி கேட்டுவிட்டுக் கதிரையில் இருந்தவர்... ஹார்ட் அட்டாக். ஐம்பத்திரண்டு வயது.

இன்று காலை பைதன் புரோகிராமிங் வகுப்பில் அவருக்கு இடம் பிடித்து வைத்துக்கொண்டு இருந்தேன். வரவில்லை. போன கிழமை நான் ஏசியதற்குக் கோவம் போடுகிறார் என்றுதான் நினைத்தேன். இடைவேளையில் வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்தால் அவர் படம், கீழே மரண அறிவித்தல்.

இங்கே கனடாவில், எங்கள் பகுதி அஜின்கோர்ட்டில் நடக்கும் இந்தச் சனிக்கிழமை வகுப்பில் மற்ற எல்லாருக்கும் எங்கள் பிள்ளைகளின் வயது. அதனால் நாங்கள் இருவரும் ஒரே மேசை. நான் லே ஆஃப் ஆகி வந்தவள். அவர் வெயார்ஹவுஸில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்.

கோயில் திருவிழாப் பட்டியலை நாள் நாளாகத் திரையில் காட்ட ஒரு லூப் எழுதினார். பத்து நாள், ஆகவே ஒன்று முதல் பத்து. "பிள்ளையாரே" என்று சொல்லித்தான் ரன் அழுத்துவார். ஒன்பதாம் நாளோடு நின்றுவிடும். பத்தாம் நாள் தீர்த்தம் வராது.

பைதன் கடைசி எண்ணைச் சேர்க்காது, பதினொன்று போடுங்கோ என்றேன்.

"வதனி, பத்து நாள் திருவிழாவுக்குப் பதினொண்டு எண்டு எழுதச் சொல்லுறீரோ? கொடியேத்தமும் ஒரு நாள், தீர்த்தமும் ஒரு நாள். எங்கட ஆக்கள் ரெண்டையும் சேர்த்துத்தான் எண்ணுறது. உந்தப் பைதனுக்குத்தான் எண்ணத் தெரியேல்லை."

மூன்று கிழமை. அந்த ஒரு எண்ணைத் தவிர எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தார். லப்டொப்பை ரீஸ்டார்ட் கூடப் பண்ணினார்.

போன சனி எனக்குப் பொறுமை போய்விட்டது. "தயா, உங்களுக்கு உது சரிவராது. ஃபோர்க்லிஃப்டே போதும், விட்டிடுங்கோ."

பக்கத்து மேசைப் பிள்ளைகளுக்கும் கேட்டிருக்கும். "ஓம்" என்று மட்டும் சொல்லி லப்டொப்பை மூடினார். வழமையாக இருவரும் ஒன்றாகத்தான் பஸ் எடுப்போம். அன்று எனக்காக நிற்கவில்லை.

நான் அவருக்கு ஒரு ஃபோன் கோல் எடுத்திருக்கலாம். ஐந்து நாள் இருந்ததே... எடுக்கவில்லை.

மத்தியானம் அவர் மனைவிக்கு ஃபோன் எடுத்தேன். அழுதுவிட்டேன். அவதான் எனக்கு ஆறுதல் சொன்னா.

"அக்கா, இவர் புதன்கிழமை பதினொண்டு போட்டவர். பத்து நாளும் வந்தது. குசினிக்குள்ள சமைச்சுக்கொண்டு நிண்ட என்னைக் கூப்பிட்டுக் காட்டினவர். வதனிக்குச் சொல்லிப்போடாதை, சனிக்கிழமை நானே காட்டவேணும் எண்டவர்..."

உங்களுக்கு அது சரிவந்தது தயா. நான் சொன்னதுதான் பிழை. போயிட்டு வாங்கோ.