மூலையில் இரண்டு புள்ளி

குத்தூசியை எங்கள் மேலாளர் சேர் என் நாத்தனாரின் கையில் திணித்தார். அவள் அதை மேசையில் வைத்துவிட்டுத் தாளின் மேல் மறுபடியும் விரலை ஓட்டினாள். மாத்தளையில், பார்வையில்லாத பிள்ளைகளுக்கு அச்சடிக்கும் சின்ன இடம் அது. தட்டச்சு செய்த தமிழைக் கணினி பிரெயில் புள்ளிகளாக மாற்றிக் கொடுக்கும். நாத்தனார் அதை விரலால் வாசித்து, சரியென்றால் கடைசித் தாளின் மூலையில் இரண்டு புள்ளி குத்துவாள். அதற்குப் பிறகுதான் எதுவும் வெளியே போகும். பிறவியிலேயே பார்வையில்லாதவள், கணினி படித்தவள். நான் எழுத்துக்கூட்டி வாசிக்கிறவள். பலாபத்வலயிலிருந்து அவளோடு பஸ்ஸில் வந்து தாள் அடுக்குவேன். அதில் எனக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

அன்று வந்தது பரீட்சை வினாத்தாள். கொ, போ போன்ற எழுத்துகள் பிரெயிலில் சில இடங்களில் உடைந்து கிடந்தன. திரையில் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

"ஒன்னு ரெண்டு எழுத்துதானே, பிள்ளைங்க ஊகிச்சுக்குவாங்க. வேன் நிக்குது" என்றார் சேர்.

"கண்ணு தெரியிற பிள்ளைக்கு இப்படிக் குடுப்பீங்களா சேர்? பதில் எழுதத்தான் நேரம் குடுக்கிறாங்க. கேள்வியக் கண்டுபிடிக்க இல்ல" என்றாள் நாத்தனார்.

சேர் குத்தூசியை எடுத்து அந்த இரண்டு புள்ளியையும் தானே குத்தினார். நாத்தனார் மூலையைத் தடவிப் பார்த்தாள். புள்ளி மேடாக எழும்ப வேண்டுமென்றால் தாளின் பின்பக்கம் குத்த வேண்டும். அவர் முன்பக்கமே குத்தியிருந்தார்.

"பள்ளம் தோண்டியிருக்கீங்க சேர்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கவில்லை. அந்த வினாத்தாள் கட்டை எடுத்து அவர் முன்னாலேயே கிழித்துப் போட்டேன்.

நாத்தனார் காதில் ஹெட்போனை மாட்டி, கணினியை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லவைத்துக் கேட்டாள். வினாத்தாளை இரண்டு பேர் தட்டச்சு செய்திருந்தார்கள். ஒருவர் அடித்த 'கொ'வின் கொம்பும் காலும் கணினிக்குள் ஒரே குறியாக இருந்தன. மற்றவருடையதில் தனித்தனியாகக் கிடந்தன. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. மென்பொருளோ பிரிந்து கிடந்ததை வேறு வேறு எழுத்தாக எடுத்துக்கொண்டிருந்தது. பிரெயிலாக மாற்றுமுன் அவற்றைச் சேர்க்கும்படி அவள் சில வரிகள் எழுதினாள். வேன்காரர் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தார். அவள் புதுக் கட்டு முழுவதையும் வாசித்து முடித்து, நிதானமாக இரண்டு புள்ளி குத்தினாள்.

"நாளையில இருந்து நீங்க ரெண்டு பேரும் வரத் தேவையில்ல" என்றார் சேர்.

"அப்ப நாளைக்கு யாரு வாசிப்பா?" என்று கேட்டாள் நாத்தனார். அவர் புதுக் கட்டைத் தூக்கிக்கொண்டு வேனுக்கு நடந்தார்.

மறுநாள் வழக்கமான பஸ்ஸிலேயே போய் இறங்கினோம். யாரும் தடுக்கவில்லை. இன்றும் போகிறோம். எனக்கு இப்போது முழங்கால் வலி, படியேற நேரமாகிறது. நடத்துநர் அவசரப்படுத்துகிறார். பஸ் நிற்கட்டும், நாங்கள் ஏறித்தான் போவோம்.