சவுரியம்மாள் காத்த தூக்கம்

எங்கள் தெருவில் பகலில் சத்தம் போட வேண்டுமென்றால் சவுரியம்மாளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. ஆம்பூரில் இப்படியொரு தெருவா என்று வேலூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அவர்கள் தெருவில் பைலட் கிடையாது.

பைலட் என்றால் சவுரியம்மாளின் மகள் நிஷா. பெங்களூரிலிருந்து இரவில் கிளம்பும் சரக்கு விமானத்தில் துணை விமானி. அதில் ஆட்கள் ஏற மாட்டார்கள். மருந்து, துணி, செல்போன், சில நாள் எங்கள் ஊர் ஷூ என்று பெட்டிகள் மட்டும் போகும். ஊர் படுத்த பிறகு அவளுக்கு வேலை ஆரம்பம், ஊர் எழுந்த பிறகு முடிவு. வார ஓய்வுக்கு ரயிலேறி வீட்டுக்கு வருவாள், வந்தால் பகலில் தூங்குவாள்.

சவுரியம்மாள் ஷூ கம்பெனியில் தையல் லைனில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கிறார். அந்த லைனுக்கு சூப்பர்வைசர் நான், அருணகிரி. கம்பெனி கேட்டுக்குள் என்னை 'சார்' என்பார், தெருவில் 'தம்பி' என்பார். இரண்டுமே அதட்டலாகத்தான் வரும்.

நிஷா வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கூத்து நடந்தது. "பாப்பா இன்னா பண்ணுது?" என்று யாரோ கேட்க, "ரெஸ்ட்ல இருக்கா" என்று சவுரியம்மாள் சொல்லிவிட்டார். எங்கள் கம்பெனியில் அந்தச் சொல்லுக்கு அர்த்தமே வேறு. ஆர்டர் குறைந்தாலும் சரி, முடியவில்லை என்று யாராவது முகம் சுளித்தாலும் சரி, "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடும்மா" என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சம்பளம் இல்லாத ரெஸ்ட். ஆகவே நிஷாவுக்கு வேலை போய்விட்டது என்று தெரு முழுக்கப் பரவியது. சவுரியம்மாளுக்குப் பக்கத்து மெஷின் கமலம் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு ஆறுதல் சொல்ல வந்துவிட்டார். தூக்கம் கெட்டு எழுந்து வந்த நிஷாதான் எல்லோருக்கும் விளக்க வேண்டியிருந்தது.

"பறக்கறதுக்கு முன்னாடி இவ்ளோ நேரம் ரெஸ்ட் குடுத்தே ஆவணும், அந்த நேரத்துல கம்பெனி தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு ரூல் இருக்குது மாமா" என்றாள் என்னிடம். "ஆனா ரூலால ரெஸ்ட்தான் குடுக்க முடியும். தூங்க வைக்க முடியாது."

"பெட்டிதானே ஏத்திக்கினு போற. கொஞ்சம் கண்ணு சொக்கினா இன்னா?" என்று நான் வாயைக் கொடுத்தேன்.

"மேல நாங்க ரெண்டு பேர் இருக்கோம் மாமா. கீழ ஊரே இருக்குது."

இதைக் கேட்டுக்கொண்டிருந்த சவுரியம்மாள் அன்றே தெருவைக் கையில் எடுத்துக்கொண்டார். ஒவைஸ் வெல்டிங் கடையில் கிரைண்டர் சாயங்காலத்துக்கு மாறியது. "சத்தம் கம்மி பண்றேன்கா" என்று அவன் சொன்னது போதவில்லை, நிறுத்தச் செய்துவிட்டுத்தான் வந்தார். ஸ்பீக்கரில் கத்திக்கொண்டு வரும் பழைய இரும்பு வண்டிக்காரன் எங்கள் முனை வந்ததும் வாயை மூடிக்கொள்வான். கணவர் ரத்தினசாமி பாவம், கிரிக்கெட்டை ஊமைப்படமாகப் பார்க்கப் பழகிவிட்டார். எனக்குச் சில நாள் எரிச்சலாகத்தான் இருக்கும். சொந்த வீட்டில் குக்கர் விசிலுக்குப் பயப்பட வேண்டுமா என்று மனைவியிடம் பொருமுவேன். ஆனாலும் அந்த அம்மாவை எனக்குப் பிடிக்கும். மகளுக்கு இறக்கை வாங்கிக் கொடுத்த தாய், அதோடு வேலை முடிந்ததென்று உட்கார்ந்துவிடவில்லை.

போன ஆவணியில் எதிர்வீட்டு சம்பூர்ணம் இறந்துபோனார். அவரும் எங்கள் லைனில் இருந்தவர். சவுரியம்மாள் ஷிப்டுக்குப் போன நாளெல்லாம் நிஷாவுக்குச் சோறு போட்டு, தலை பின்னிப் பள்ளிக்கு அனுப்பியவர் அவர்தான். நிஷா வார ஓய்வில் வந்திருந்தாள். அன்று மத்தியானம் தூங்கி எழுந்து சாயங்கால ரயிலில் பெங்களூர் போய் இரவு பறக்க வேண்டும். சாவு விடியற்காலையிலேயே விழுந்துவிட்டது. அப்போதுதான் படுக்கப் போன நிஷா பிறகு படுக்கவே இல்லை. காலையிலேயே மேளம் வந்துவிட்டது. குக்கரை நிறுத்திய சவுரியம்மாளால் சாவு மேளத்தை நிறுத்த முடியுமா? நிறுத்தச் சொல்ல நினைத்திருக்கவும் மாட்டார். தாயும் மகளும் பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதார்கள்.

பிற்பகலில் நாற்காலி கேட்டு சவுரியம்மாள் வீட்டு வாசலுக்குப் போனேன். உள்ளே பேச்சு நடந்துகொண்டிருந்தது. நிஷாவின் கண்கள் கோவைப்பழமாய்ச் சிவந்திருந்தன.

"முடியாதுன்னு சொல்லப் போறேம்மா. இப்பவே சொன்னாத்தான் வேற ஆளப் பிடிப்பாங்க."

சவுரியம்மாளுக்கு முகம் வெளுத்துவிட்டது. காரணம் எனக்கும் தெரியும். நிஷா கேப்டன் பயிற்சிக்குக் காத்திருந்தாள். ஆள் தேர்வு செய்யும் நேரம் அது. அசதியால் பறக்க முடியாதென்று அவள் ஏற்கெனவே ஒருமுறை சொல்லியிருந்தாள், மேலே இருந்தவர்களுக்கு அது ருசிக்கவில்லை. அசதி என்று சொல்பவரைத் தண்டிக்கக் கூடாது என்று விதி இருக்கிறதாம். விதி இருக்கிற இடத்தில் எல்லாம் அது நடக்கிறதா என்ன?

"ரயில்ல கொஞ்சம் கண்ணசந்துக்கோயேன். ஸ்ட்ராங்கா காபி போட்டுத் தர்றேன்" என்றார். கெஞ்சலாகத்தான் சொன்னார். ஒருநாள்கூட லைனில் உட்கார்ந்து 'முடியல' என்று சொல்லாத பெண் வேறென்ன சொல்வார்.

"காபி கண்ணத் தொறக்கும்மா. புத்தியத் தொறக்காது."

அவள் போன் போட்டாள். மேளச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை என்று ஸ்பீக்கரில் வைத்தாள். அந்தப் பக்கம் பேசிய அதிகாரி நம் ஊர்ப் பக்கத்துக்காரர்போல, தமிழிலேயே பேசினார். நிஷா சுற்றி வளைக்காமல் சொன்னாள். தெருவில் சாவு, தூங்கவில்லை, இன்று பறக்கும் நிலையில் இல்லை.

"உங்க ரெஸ்ட் டைம் முழுசா குடுத்திருக்கோமே மேடம்."

"குடுத்தீங்க சார். தூங்க முடியல."

"எறந்தவங்க ரிலேஷனா?"

நிஷா வாயைத் திறந்தாள். சம்பூர்ணம் அவளுக்கு என்ன வேண்டும் என்று எந்தச் சொல்லில் சொல்வது? ஒரு பொய் போதும், சித்தி என்றால் கதை முடிந்தது. நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். அவளுக்குப் பொய் வரவில்லை. அப்போது சவுரியம்மாள் போனைப் பிடுங்கினார்.

"யாரா இருந்தா இன்னா சார்? அவ தூங்கல, அதானே விஷயம். நான் ஷூ கம்பெனில தைக்கறவ. தூக்கத்துல தைச்சா ஊசி வெரல்ல ஏறும், எனக்கு ஏறியிருக்குது. தூக்கத்துல பிளேன் ஓட்டுனா எங்க சார் ஏறும்?"

"சரிம்மா. வேற ஆளப் பாக்குறோம்" என்று அதிகாரி வைத்துவிட்டார். நல்ல மனிதராகவோ கோபக்காரராகவோ அவர் எனக்குத் தெரியவில்லை, வேலையில் இருக்கும் மனிதராகத்தான் தெரிந்தார்.

நிஷா அம்மாவின் தோளில் சாய்ந்தாள். மகள் உடம்பு துவண்டுபோயிருப்பதை சவுரியம்மாள் அப்போதுதான் உணர்ந்திருக்க வேண்டும். "இந்த ஒடம்போடயா உன்னப் போவச் சொன்னேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

கேப்டன் பயிற்சிக்கு வந்த முதல் பட்டியலில் நிஷா பெயர் இல்லை. அடுத்த முறை பார்க்கலாம் என்றார்களாம். காரணம் யாரும் சொல்லவில்லை. அதைக் கேட்டு எனக்கு வந்த ஆத்திரம் தாய்க்கும் மகளுக்கும் வரவில்லை. நிஷா வழக்கம்போல வருகிறாள், தூங்குகிறாள், போகிறாள்.

அதற்கப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை, ஏற்றுமதி கன்டெய்னர் அவசரம் என்று ஆபீஸிலிருந்து உத்தரவு வந்தது. ஷிப்ட் முடிந்த பிறகும் லைன் முழுக்க ஓ.டி. பார்க்க வேண்டும் என்று அறிவித்தேன். சவுரியம்மாள் மெஷினை அணைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"சார், இன்னிக்கு ஓ.டி. என்னால ஆவாது. அசதியா இருக்குது."

ஓ.டி.க்கு வராமல் இருக்கப் பெண்கள் சொல்லும் காரணம் எல்லாம் எனக்கு அத்துப்படி. ஊரிலிருந்து விருந்தாளி, பிள்ளைக்குக் காய்ச்சல், கோயில் கூழ். இதை மட்டும் யாரும் சொன்னதில்லை. அவருக்கும் தெரியும், இதைச் சொன்னால் அடுத்த நாளே சம்பளம் இல்லாத ரெஸ்ட் வரலாம் என்று. லைனே தையலை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தது.

"ஒடம்பு சரியில்லையாம்மா?" என்று நானாக ஒரு வழி காட்டினேன்.

"ஒடம்பு நல்லாத்தான் இருக்குது சார். அசதி."

"போய்ட்டு வாங்க" என்றேன். ஆபீஸுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். அவர் டிபன் பையை எடுத்துக்கொண்டு நிதானமாக வெளியே போனார்.

கமலம் தைத்துக்கொண்டிருந்த அப்பரைக் கீழே வைத்தார்.

"சார், அந்தக் காரணம் எனக்கும் ஆவுமா?"