பாதம் தொட்டுப் பார்த்த டாக்டர்

நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் இருந்த அந்த டாக்டர் நல்ல உயரம். கட்டிலுக்குக் கட்டில் குனிந்து குனிந்தே முதுகு வளைந்திருந்தது. காய்ச்சல்காரர்களின் நெற்றியை அவர் தொட்டு நான் பார்த்ததில்லை. போர்வையை விலக்கிப் பாதத்தைப் பிடித்துப் பார்ப்பார். பிறகு தூங்கும் குழந்தைக்குப் போர்த்துவதுபோல் மூடிவிடுவார்.

எல்லைப் போராட்டத்தில் சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்த நேரம் அது. வயிற்றுவலியில் துடித்த என் தம்பியைக் குன்னத்துகாலிலிருந்து கட்டிலோடு சுமந்து வந்திருந்தோம். ஆபரேஷனுக்கு மறுநாள் அவன் நெற்றி குளிர்ந்திருந்தது.

"காய்ச்சல் விட்டாச்சு டாக்டரே," என்றேன் சந்தோஷமாக.

அவர் அவன் பாதத்தைப் பிடித்தார். நெடுநேரம் விடவில்லை.

"காலும் தணுத்துப்போச்சு மக்கா. குடல்வால் வீங்கி உள்ளயே பொட்டி, சீழு ரத்தத்தில ஏறியாச்சு. இனி என் கையில ஒண்ணும் இல்ல. வலி வந்தப்ப பேதிக்கு வல்ல மருந்தும் குடுத்தியளா?"

"அம்மை விளக்கெண்ணெ குடுத்தா. எங்க வீட்டில வயித்துவலிக்கு அதாக்கும் குடுப்பாவ."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அதுலதான் பொட்டியிருக்கும். நான் இதக் கேட்டேன்னு அம்மைகிட்ட சொல்லாத. வழியடச்சதுல நேரம் தப்பிப்போச்சுன்னு சொல்லு. அதுவும் உள்ளதாக்கும்."

தம்பியின் பாதத்தைப் போர்வையால் மூடிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அன்று மாலையே தம்பி போய்விட்டான். மரம் வெட்டிப் போட்டவர்களை அம்மா சாகும்வரை சபித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் சொல்லச் சொன்னதைத்தான் நான் அவளிடம் சொல்லியிருந்தேன்.

அவளிடமிருந்து மறைக்கத் தெரிந்த அந்த மனிதர், என்னிடம் மட்டும் ஏன் சொன்னார்?