காரில் இரண்டு பேர்

1. போன்

தொண்ணூறுகளில் ஆறு வருடம், ரொறன்ரோவில் ஒரு கொரியத் துணைத் தூதரக அதிகாரிக்கு டிரைவராக இருந்தேன். அவருடைய பெயரை மிஸ்டர் ஹான் என்று வைத்துக்கொள்வோம். மரியாதையான மனிதர். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் முதல்நாள் எனக்குச் சொன்னது.

ஒரு மாசி மாதக் காலை, நோர்த் யோர்க்கில் உள்ள அவர் வீட்டிலிருந்து விமான நிலையத்துக்குப் புறப்பட்டோம். சியோலிலிருந்து ஒரு பெரிய கட்சித் தலைவர் வருகிறார். மிஸ்டர் ஹான் வேலையை விட்டு அரசியலுக்குப் போக யோசிக்கிறார் என்பதும், தேர்தலில் அவருக்கு இடம் கொடுப்பதா இல்லையா என்பது அந்தத் தலைவர் கையில் என்பதும் எனக்குத் தெரியும். பின்சீட்டில் ஆங்கிலத்தில் பேசுவதெல்லாம் டிரைவர் காதில் விழும்தானே.

401 நெடுஞ்சாலையில் ஏறுவதற்குச் சற்று முன்னால் கார்போன் அடித்தது. அலுவலக ரிசெப்ஷனிஸ்ட். ஸ்காபரோவில் கடை வைத்திருந்த ஒரு கொரியர் மாரடைப்பில் விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் அவர் மனைவி தனியாக இருக்கிறாள், அவளோடு பேச ஆள் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். அந்த ரிசெப்ஷனிஸ்ட்டுக்குக் கொரிய மொழி தெரியாது. தெரிந்த எல்லாரும் ஏற்கெனவே விமான நிலையத்தில் நின்றார்கள்.

மிஸ்டர் ஹான் ஒரு கொரியத் தேவாலயத்தின் நம்பரைச் சொல்லி, அங்கே கேட்டுப் பார்க்கச் சொன்னார். அவள் அங்கேயும் கேட்டுவிட்டாள். போனை யாரும் எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரி கிழக்கே, விமான நிலையம் மேற்கே. நான் வேகத்தைக் குறைத்துக் கண்ணாடியில் அவரைப் பார்த்தேன். அவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"ஏர்போர்ட்" என்றார்.

நான் மேற்கே திருப்பினேன்.

2. ஆஸ்பத்திரி

தலைவரை வரவேற்று அனுப்பிவிட்டு நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது மூன்று மணி நேரம் கழிந்துவிட்டது. கடைக்காரர் இறந்துவிட்டார். அவர் மனைவி கொரிடோரில் ஒவ்வொரு கதவாக எட்டிப் பார்த்துக்கொண்டு நடந்தாள். கடையில் போடும் ஏப்ரனை இன்னும் கழற்றவில்லை. ஒரு நர்ஸ் அவள் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தாள்.

மிஸ்டர் ஹான் கொரிய மொழியில் ஏதோ சொன்னார். அவள் நின்றாள். அவர் தலையைக் குனிந்து இன்னொரு வசனம் சொன்னார். அப்போதுதான் அவள் நிலத்தில் உட்கார்ந்தாள்.

திரும்பி வரும்போது, நான் கேட்காமலே அவர் ஆங்கிலத்தில் சொன்னார். டொக்டர் அவளிடம் 'கோன்' என்று சொல்லியிருக்கிறார். 'கோன்' என்றால் போவது என்று அவளுக்குத் தெரியும். போய்விட்டார் என்றால் வேறு அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று நினைத்திருக்கிறாள். மூன்று மணி நேரமாக அந்த அறையைத்தான் தேடியிருக்கிறாள்.



அன்று சாப்பிடும்போது என் மனைவி ராணிக்கு இதைச் சொன்னேன். அவள் கையைத் தட்டில் வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். நாங்கள் கனடாவுக்கு வந்த முதல் வருடம் எங்கள் முதல் பிள்ளை வயிற்றிலேயே இறந்து போனது. நான் ஃபக்டரியில் வேலையில் நின்றேன். ஆஸ்பத்திரியில் அவளைச் சுற்றி நின்றவர்கள் சொன்ன ஒரு சொல்லும் அவளுக்கு விளங்கவில்லை. நான் போய்ச் சொல்லும்வரை, பிள்ளையைக் குளிப்பாட்டக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்று நினைத்துக் காத்திருந்தவள் அவள்.

"உங்களுக்குத் தெரியும்தானே," என்றாள். "பிறகேன் வாயைத் திறக்கேல்லை?"

"அவர் பெரிய ஆள், ராணி. நான் டிரைவர்."

"ஓம்," என்றாள் அவள். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

3. கடிதம்

அடுத்த வருடம் மிஸ்டர் ஹான் ராஜினாமாச் செய்தார். ஊர் திரும்புவதற்கு முதல் நாள் ஸ்காபரோவுக்குப் போகச் சொன்னார். நான் இறந்தவரின் கடை வாசலில் நின்றேன். அவர் கவுண்டருக்கு முன்னால் நின்று நெடுநேரம் பேசினார். அந்தப் பெண் வேலையை நிறுத்தாமலே கேட்டாள். கடைசியில் சுருக்கமாக ஏதோ சொன்னாள்.

"மன்னிப்பு வேண்டாமாம்," என்றார் காரில் ஏறி. "இனி ஒருத்திக்கு இப்படி நடக்காமல் என்ன செய்யப் போகிறாய் என்று கேட்கிறாள்."

முதல் தேர்தலில் அவர் தோற்றார். பிறகு ஓர் இடைத்தேர்தலில் வென்று பாராளுமன்றம் போனார். கொஞ்ச நாளில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. தன் முதல் பேச்சில் அந்தக் காலையைப் பற்றிச் சொன்னதாக எழுதியிருந்தார். யாரை வரவேற்கப் போனார் என்பதையும் மறைக்கவில்லையாம். வெளிநாட்டு அலுவலகங்களில் எந்த நேரமும் மொழி தெரிந்த ஓர் அதிகாரி இருந்தே ஆகவேண்டும் என்று கேட்டிருக்கிறார். அந்தத் தலைவர் அதற்குப் பிறகு அவரோடு பேசுவதில்லை. அடுத்த தேர்தலில் இடம் கிடைக்காது என்றும் எழுதியிருந்தார். கிடைக்கவும் இல்லை.

'தவறு முழுவதும் என்னுடையது' என்று கடிதத்தை முடித்திருந்தார்.

இந்த வேலைக்கு வருகிற இளம் ஆட்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். முடிவு எடுப்பது உங்கள் வேலை இல்லை. ஆனால், உங்களுக்குத் தெரிந்ததை முடிவெடுக்கிறவருக்குச் சொல்வது உங்கள் வேலைதான். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

அவருடைய கடிதத்துக்குப் பதில் எழுத எனக்கு ஒரு மாதம் பிடித்தது. ராணிக்கு நடந்ததை முதல்முறையாக அவருக்கு எழுதினேன். அன்று அதை நான் சொல்லியிருந்தால் நீங்கள் காரைக் கிழக்கே திருப்பச் சொல்லியிருப்பீர்கள் என்றும் எழுதினேன். பிறகு, காரில் இரண்டு பேர் இருந்தோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.