அமெரிக்கா, இன்று மதியம்

மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார் ஸ்ரீகண்டன். விசிறி ஓடினால் அதன் கடகடப்பு பதிவில் விழுந்துவிடுமாம். ஜன்னலைச் சாத்தி, தெருக்கதவைத் தாழிட்டு, அரிசி டப்பாவின்மேல் ஃபோனைச் சாய்த்து வைத்து, தொண்டையைச் செருமிக்கொள்வார். பகல் இரண்டு மணிக்குத் திருத்தணி வெயில் எப்படி இருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. வேர்வை வழிய வழிய, "நமஸ்காரம். அமெரிக்கா, இன்று மதியம்" என்று தொடங்குவார். அமெரிக்காவில் அப்போது விடிந்துகூட இருக்காது.

காலையில் இதே ஆள் மலைமேல் மடப்பள்ளியில் வெண்பொங்கலுக்கு நெய் விட்டுக்கொண்டிருப்பார். கோயிலுக்குச் சமைப்பது அவர் குடும்பத்துக்கு நாலு தலைமுறையாக வரும் முறை. உச்சிகால நைவேத்தியம் முடிந்ததும் படியிறங்கி வருவார். வயது அறுபத்திரண்டு. படியில் நின்று மூச்சு வாங்கும் வழக்கமில்லை. காதில் செருகிய கருவியில் யாரோ ஒரு அமெரிக்கர் வரியைப் பற்றியோ நீதிபதிகளைப் பற்றியோ முழங்கிக்கொண்டிருப்பார், இவர் அதற்குத் தலையாட்டிக்கொண்டே இறங்குவார். எதிரே ஏறுகிற பக்தர்கள் தங்களுக்குத்தான் தலையசைக்கிறார் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

இந்தப் பதிவு போய்ச் சேரும் அவருடைய வாட்ஸப் குழுவில் நூற்று நாற்பத்து மூன்று பேர். பொதட்டூர்பேட்டையில் ஒரு தறிக்காரர் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்கிறார். தறிச் சத்தத்தில் பாதிதான் காதில் விழும் என்றாலும் தவறாமல் கட்டைவிரலை உயர்த்திப் பதில் போட்டுவிடுவார். பள்ளிப்பட்டில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் தேதிப் பிழைகளைத் திருத்தி அனுப்புவார். மீதிப் பேரில் எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பது முருகனுக்கே வெளிச்சம்.

அடிவாரத்தில் டீக்கடை வைத்திருக்கும் கஜபதிக்கு இதெல்லாம் தீராத வேடிக்கை. "இன்னா சாமி, அமெரிக்காவுல இன்னிக்கு யாரு ஜெயிச்சிகினு கீறாங்க?" என்று டம்ளரை நீட்டுவார்.

"எண்ணிண்டே இருக்கான்ப்பா கலிஃபோர்னியாவுல. வாரக்கணக்கா எண்றான். நம்மூர்ல காலம்பற எட்டு மணிக்குப் பெட்டியைத் திறந்தா சாயங்காலத்துக்குள்ள மாலை போட்டுடறா."

"அப்ப நம்மள கூப்ட வேண்டியதுதானே!"

"ஓட்டுப் போட வரவன்கிட்ட அடையாள அட்டை கேக்கலாமா கூடாதான்னு அங்க சண்டை. இந்த மலையில ரூம் எடுக்கணும்னாலே ஆதார் கேக்கறா. நாட்டை ஆள ஆள் எடுக்கறதுக்குக் கேட்டா தப்பா, சொல்லு?"

"ஆங், அது கரெக்ட்டுதான். நம்ம ஊரு எலெக்ஷன்ல மட்டும் யாருக்குப் போட்டன்னு வாயே தொறக்க மாட்டன்றீங்களே?"

ஸ்ரீகண்டன் சிரித்துவிட்டு டம்ளரை வைத்துவிடுவார். உள்ளூர் அரசியல் பேசினால் மறுநாள் மலைமேல் நாலு பேர் முகத்தில் விழிக்கவேண்டும். "அமெரிக்கான்னா நிம்மதி. நான் என்ன பேசினாலும் அங்கேர்ந்து எவனும் என்னைத் தேடிண்டு வரமாட்டான்" என்பார்.

அவர் இந்த வழிக்கு வந்த கதை, அவர் நினைப்பதுபோல் கொள்கையால் ஆனதல்ல. ஒன்பது வருஷத்துக்கு முன் மகள் ஹம்சா ஒஹையோவுக்கு வேலைக்குப் போனாள். ஒரே பெண். முதலில் அந்த ஊரில் பனி பெய்கிறதா என்று தினமும் பார்த்தார். பிறகு அந்த ஊர்ச் செய்தி. பிறகு அந்த ஊர் ரேடியோ. அதில் ஒரு கிழட்டுக் குரல் நாள் தவறாமல், குடும்பம் முக்கியம், வழிபாடு முக்கியம், எழுதிவைத்த சட்டத்தை நீதிபதி தன் இஷ்டத்துக்கு வளைக்கக்கூடாது என்று பேசியது. ஸ்ரீகண்டனுக்குத் தன் பெரியப்பா பேசுவதுபோல் இருந்தது. மகள் இருக்கிற ஊரின் போலீஸ் தலைவரான ஷெரீஃப் பதவித் தேர்தலில் நின்றவர்கள் பேரெல்லாம் மகளுக்கு முன்னால் இவருக்குத் தெரியும். பெண்ணைத் தேடிப் போனவர், போன இடத்தில் கட்சியில் சேர்ந்துவிட்டார்.

அவருடைய வாதம் முழுக்க மடப்பள்ளியிலிருந்து வருவது. கோயிலில் படித்தரம் என்று ஒன்று உண்டு. எந்தப் பூஜைக்கு எத்தனை படி அரிசி, எவ்வளவு மிளகு, எவ்வளவு நெய் என்று முன்னோர் எழுதிவைத்த அளவு. "சாமிக்கு மூணு படின்னா மூணு படி. எனக்குப் பிடிக்கலைன்னு மிளகைக் குறைக்கப்படாது. மாத்தணும்னா அதுக்குன்னு இருக்கறவா கூடி மாத்தட்டும். கரண்டி பிடிக்கறவன் மாத்தப்படாது. ஜட்ஜும் கரண்டி பிடிக்கறவன்தான்!" இதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு கம்பீரம் வரும். அமெரிக்காவில் இதே விஷயத்துக்கு வண்டி வண்டியாகப் புத்தகம் எழுதியிருக்கிறார்கள். இவர் ஒரு கரண்டியில் முடித்துவிட்டார்.

சென்ற தை மாதம் அந்தக் கரண்டிதான் சுட்டது.

தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு அமெரிக்காவில் பிறக்கும் குழந்தைகளுக்குப் பிறந்ததால் மட்டும் குடியுரிமை கிடையாது என்று ஓர் உத்தரவு. அதை எதிர்த்து வழக்குகள். ஸ்ரீகண்டன் இருபத்திரண்டு நிமிஷம் பேசினார். உத்தரவு நியாயம் என்றார். "விருந்துக்கு வந்தவாளுக்கு நம்மாத்துல குழந்தை பொறந்துடுத்துன்னு ஆத்தையே எழுதி வெப்பாளா?" என்று கேட்டார். பேசி முடித்த திருப்தியில் இரண்டு டம்ளர் மோர் குடித்தார். குழுவில் ஹம்சாவும் இருக்கிறாள், அவளும் மாப்பிள்ளையும் இருப்பது வேலை விசாவில், அவளுக்கு அப்போது ஆறாம் மாதம் — மூன்றும் அவருக்குத் தெரியும். மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை. சட்டம் பேசும்போது அவருக்கு மனிதர்கள் ஞாபகம் வருவதில்லை.

அன்று சாயங்காலமே ஹம்சா கூப்பிட்டாள். "நானும் விருந்தாளியாப்பா?"

"உன்னைச் சொல்லலைம்மா. பொதுவா…"

"எழுதினதை எழுதினபடி படிக்கணும்னு சொல்வேளே. இங்க பொறந்த எல்லாரும் பிரஜைன்னுதானே சட்டத்துல எழுதியிருக்கு? அது போகட்டும். உங்களுக்கு மடப்பள்ளி முறை எப்படி வந்தது? பரீட்சை எழுதியா வாங்கினேள்? தாத்தாவுக்குப் பொறந்தேள், கரண்டி கைக்கு வந்தது. உங்களுக்குப் பொறப்பு போறும். என் குழந்தைக்குப் போறாதா?"

அப்போது அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் சரியாகப் போயிருக்கும். ஆனால் அவரிடம் பதில் இருந்தது. பிறந்தால் மட்டும் போதாது, அந்நாட்டின் ஆட்சிக்கு உட்பட்டிருக்கவேண்டும் என்று அடுத்த சொற்றொடரும் சட்டத்தில் இருக்கிறது, அதற்கு என்ன அர்த்தம் என்பதுதான் வழக்கே என்று மறுநாள் பதினான்கு நிமிஷம் விளக்கினார். குழுவிலேயே விளக்கினார். "நேயர் ஒருவர் கேட்ட கேள்வி" என்று ஆரம்பித்தார்.

நேயர் குழுவைவிட்டு விலகினாள். பிறகு அப்பாவோடு பேசவில்லை.

மாசியில் மனைவி ஜம்பகத்துக்கு மட்டும் டிக்கெட் வந்தது, பிரசவம் பார்க்க. ஊறுகாய், பிரசவ லேகியம், பழைய பருத்திப் புடவைத் துணி என்று இரண்டு பெட்டி கட்டிக் கொடுத்தது ஸ்ரீகண்டன்தான். லேகியத்தை அவரே கிளறினார். வாசலில் கார் நின்றபோது ஜம்பகம், "ஒரு வார்த்தை, தப்பா சொல்லிட்டேன்னு சொல்லிடுங்கோளேன்" என்றாள்.

"தப்பா சொல்லலையே" என்றார்.

"யார் தப்புன்னா கேட்டேன்? சொல்லுங்கோன்னுதான் சொன்னேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்றிலிருந்து வீட்டில் அவர் தனி. மலைமேல் தினமும் நூறு பேருக்கு ஆக்குகிறவர், கீழே வந்து தனக்கென்று ஒரு பிடி அரிசி வைக்கச் சோம்பிக்கொண்டு மோரைக் கரைத்துக் குடிக்கிறார். பேச்சு மட்டும் நிற்கவில்லை. வரி பேசினார், எல்லை பேசினார், தொகுதி எல்லைகளைக் கோணல்மாணலாக வெட்டும் தகராறைப் பேசினார். அந்த ஒரு வழக்கைப் பேசவில்லை. பள்ளிப்பட்டு வாத்தியார் இரண்டு முறை கேட்டும் பதில் போடவில்லை. இன்றைக்கும் அவர் கருத்து மாறவில்லை. அதை நாம் மாற்றிச் சொல்வது நியாயமில்லை. ஆனால் பேத்தி பிறந்த செய்தி ஜம்பகத்திடமிருந்து வந்த பகலில், யாருடைய கருத்தும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. படத்தைக் கஜபதியிடம் காட்டினார். கஜபதி, "உங்க மூக்கு சாமி, அப்டியே!" என்றதும் ஃபோனை வாங்கி மூக்கையே பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு, டீ ஆறும்வரை உட்கார்ந்திருந்தார்.

பதினோராம் நாள் புண்யாஹவாசனம், குழந்தைக்குப் பெயர் வைக்கும் சடங்கு. அங்கே காலை, இங்கே மணி ஏழரை, விளக்கு வைத்தாயிற்று. குழந்தைக்கு என்ன பெயர் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. கேட்கவும் அவருக்கு வாய் வரவில்லை. ஜம்பகம் கூப்பிட்டாள். பின்னால் புரோகிதரின் மந்திரம், பாத்திரச் சத்தம். "எல்லாரும் காதுல பேர் சொல்லியாச்சு. நீங்க எப்படி இருக்கேள்?" என்று அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே யாரோ ஃபோனை வாங்கினார்கள்.

"அப்பா." மூன்று மாதத்துக்குப் பிறகு ஹம்சா. "நீங்களும் சொல்லணும். பேர் வள்ளி. குழந்தை காதுகிட்ட வெக்கறேன். மூணு தடவை சொல்லுங்கோ. வேற எதுவும் பேசாதேங்கோ."

ஸ்ரீகண்டன் எழுந்து நின்றார். ஏதோ துணி உரசும் சத்தம், பிறகு சின்னதாக ஒரு மூச்சு. "வள்ளி" என்றார். "வள்ளி." மூன்றாவது தடவையும் சொல்லிவிட்டார்.

ஃபோனை யாரும் எடுக்கவில்லை. அந்த மூச்சு கேட்டுக்கொண்டே இருந்தது. ஸ்ரீகண்டன் தோளிலிருந்த துண்டை இழுத்து, நைவேத்தியத்தைச் சந்நிதிக்கு எடுத்துப்போகும்போது மூச்சும் எச்சிலும் அதில் படாமலிருக்கச் செய்வதுபோல், வாயை இறுகப் பொத்திக்கொண்டு நின்றார்.