கங்காணியின் கழுத்துக் கட்டி

காது, மூக்கு, தொண்டை கிளினிக்கில் தாதியாக இருப்பவளுக்குக் கட்டிகளைவிட, கட்டி வந்த காரணங்களைத்தான் அதிகம் கேட்க வேண்டிவரும். பதுளையில் எங்கள் பெஞ்சில் காலையிலிருந்து காத்துக் கிடந்த உங்களுக்கு இது தெரியும். பக்கத்தில் இருந்தவர் உங்கள் கட்டிக்கும் ஒரு காரணம் சொல்லியிருப்பார்.

அமுக்கினால் இருமல்

தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் கங்காணி, கழுத்தில் எலுமிச்சம்பழ அளவு கட்டியோடு வந்தார். கொழுந்து பறிக்கும் பெண்களை மேட்டில் நின்று சத்தம் போட்டு வேலை வாங்குகிறவர். கத்திக் கத்தித்தான் வீங்கிவிட்டது என்பது அவருடைய முடிவு.

எங்கள் டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், நிதானமானவர். கட்டியை விரலால் அசைத்தார். பக்கவாட்டில் நகர்ந்தது, மேலும் கீழும் நகரவில்லை. அமுக்கியதும் கங்காணிக்கு இருமல் வந்தது. இப்படி ஒன்றை அடிக்கடி காண முடியாது என்பதால், பயிற்சி டொக்டர்கள் எல்லோரும் வரிசையாக வந்து அமுக்கினார்கள். அத்தனை பேருக்கும் இருமிக் காட்டிய பிறகு அவர் கேட்டார்: "நான் என்னங்க, பசறை பஸ்ஸு ஹோர்னா?"

வயரும் உறையும்

ஸ்கேன் வந்ததும் டொக்டர் ஒரு வயர்த் துண்டை வைத்து விளக்கினார். "நரம்பைச் சுத்தியிருக்கிற உறையிலதான் கட்டி வளர்ந்திருக்கு. அபூர்வமாத்தான் வரும். கான்சர் இல்லை, பயப்பிடாதேங்கோ. ஆனா குரலுக்குப் போற நரம்பும் இதோடதான் ஓடுது. கட்டியை எடுத்தா சத்தம் கம்மிப் போகலாம். சில பேருக்குத் திரும்பி வாறதுமில்லை."

கான்சர் இல்லை என்றால் மற்றவர்கள் எங்களைக் கும்பிடுவார்கள். கங்காணி அதைக் காதிலேயே வாங்கவில்லை. "சத்தம் இல்லாத கங்காணிக்குத் தோட்டத்துல என்னங்க வேலை?"

பார்க்க வந்தவர்கள்

கடைசியில் கங்காணி சம்மதிக்க, டொக்டர் ஒப்பரேஷனில் உறையைப் பிளந்து, நரம்பு இழைகளை ஒதுக்கி, கட்டியை மட்டும் எடுத்தார். மறுநாள் கங்காணி வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. கொழுந்து பறிக்கும் பெண்கள் சிலர் பிஸ்கட்டோடு பார்க்க வந்து, தலைமாட்டில் நின்று உச்சுக் கொட்டினார்கள். வெளியே வந்ததும் ஒருத்தி என் காதோடு சொன்னாள்: "நல்லா ஆறட்டும் மிஸ்ஸி, நாங்க ஒன்னும் அவசரப்படல."

ஈ

குரல் இல்லாமலே வேலைக்குத் திரும்பினார். கொஞ்ச நாள் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகத் தோட்டத்தை நடத்தும் தொரை சொல்லியிருந்தாராம். மேட்டில் நின்று கத்த முடியாததால் நிரை நிரையாக இறங்கிப் போய், ஒவ்வொருத்தியிடமும் மெதுவாகச் சொன்னார். ஏச்சு நின்றது. பெண்களும் கிட்டே வந்து கேட்டார்கள். கொழுந்து குறையவில்லை, தொரையும் அவரை நிறுத்தவில்லை.

கடைசியாக வந்தபோது டொக்டர் தொண்டைக்குள் கண்ணாடியை விட்டு, "ஈ எண்டு சொல்லுங்கோ" என்றார். கங்காணி சொன்னார். வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். டொக்டருக்கு அப்படி ஒரு சந்தோஷம். கங்காணியோ வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, அதே காற்றுக் குரலுக்கு இறங்கி என்னிடம் சொன்னார்: "சத்தம் வந்துருச்சுன்னு எங்க ஆளுங்ககிட்ட சொல்லிடாதீங்க மிஸ்ஸி. இப்பதான் கூப்பிட்டுத் தேத்தண்ணி குடுக்குறாங்க."

நோயாளியின் இரகசியத்தைக் காப்பது எங்கள் தொழிலின் கடமை என்பதால், அது எந்தத் தோட்டம் என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.